சத்தம் பிடிக்கும் மைக்

பெட்டியிலிருந்து எடுத்ததும் ஞானபாய் எந்த ரெக்கார்டரையும் காதில் வைக்கமாட்டாள்; முதலில் கட்டைவிரலால் தடவுவாள். பொத்தான் மேடாக இருக்க வேண்டும், அழுத்தினால் 'டிக்' என்று விரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். வழவழவென்று கண்ணாடித் திரை மட்டும் இருந்தால் அப்படியே திருப்பி நீட்டிவிடுவாள். "இது கண்ணுள்ளவனுக்கு உள்ளதாக்கும். எனக்கு வேண்டாம்."

ஓவர்பிரிட்ஜ் பக்கத்துக் கடையில் விற்பனையாளன் ஷிபினுக்கு இதெல்லாம் பழக்கம். முன்பு வாங்கிய ஒரு கருவி அவள் காலை வாரிவிட்டிருந்தது. அதில் பதிவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு சிமிட்டும், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால்தான் பதிவாகும். சிமிட்டுவது இவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு மத்தியானம் முழுக்கத் தொண்டை வறளப் பேசினாள். ஒரு வார்த்தை ஏறவில்லை. அன்றுமுதல் "பேசுத மெஷின், இல்லேங்கி பீப் அடிக்கித மெஷின்" என்று ஒரே பிடிவாதம்.

வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பார்வையில்லாதவர்கள் எந்த ரெக்கார்டர், எந்த மைக் வாங்கலாம் என்று வாராவாரம் பாட்காஸ்ட் செய்கிறாள். குறை இருந்தால் மூடி மறைக்கும் வழக்கம் கிடையாது, போட்டு உடைத்துவிடுவாள். அதைத் தவறாமல் கேட்பவர் மார்த்தாண்டத்திலிருக்கும் அண்ணன் சத்தியதாஸ். நேமத்திலுள்ள அவள் வீட்டில் துணையாக இருந்த ஷிஜி கல்யாணமாகிப் போய்விட்டாள் என்பதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை. தெரிந்தால் மறுநாளே வண்டி பிடித்து வந்து தங்கையைக் கையோடு கூட்டிப் போய்விடுவார். அங்கே பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவளாக எடுத்துக் குடிக்க விடமாட்டார்கள்.

இந்த முறை வாங்க வந்தது மைக். ஷிபின் உயர்ந்த ரகமாக ஒன்றைக் கையில் கொடுத்தான். "இது மதி, போதும் சேச்சி. வாய்ச் சத்தம் மட்டும் எடுக்கும். ஃபேன் சத்தம்கூட வராது."

பேசிப் பதிந்து கேட்டாள். கிணற்றுக்குள் ஒற்றையாக நின்று பேசுகிறவளின் குரல் வந்தது.

"எல்லாச் சவத்துச் சத்தத்தையும் பிடிக்கித மைக் போரும் மக்களே. வீட்டில ஆளுண்டுண்ணு கேக்கணும்."

"ஆளு உண்டல்லே சேச்சி?"

ஞானபாய் அந்த மைக்கின் ஒயரைச் சுருட்டித் திருப்பி நீட்டினாள்.

சனிக்கிழமை மாலை பதிவுக்கு உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். ஜன்னலை அகலத் திறந்து வைத்தும் வழக்கமாகப் பதிவில் விழும் அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் வரவில்லை. இத்தனை அமைதியை அவள் வாங்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். பீப் கேட்டது. எல்லாச் சத்தத்தையும் பிடிக்கும் புது மைக்கின் குணத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"சாயாவ இஞ்ச வச்சிட்டுப் போ, ஷிஜி."

பிறகு இடது கையால் காலி டம்ளரை எடுத்து, மைக்குக்குக் கேட்கும்படி மேசைமேல் 'டங்'கென்று வைத்தாள்.