கொசுவின் ரத்தம்

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். வலி தெரியாமல் ரத்தம் எடுப்பதால் வந்த பட்டம். பாராட்டு என்று சொன்னார்கள், அவள் நம்பவில்லை.

வெள்ளை அணுக்களில் பல வகை. எந்த வகை தன் மேல்பரப்பில் ஏற்பி என்ற புரதங்களில் எதை எவ்வளவு சுமக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பேராசிரியரின் திட்டம். ஏற்பியைத் தேடி ஒட்டிக்கொள்ளும் சாயத்தை ரத்தத்தில் கலந்து, அணுக்களை வரிசையாக லேசர் முன்னால் ஓடவிட வேண்டும். ஏற்பி உள்ள அணு ஒளிரும், இல்லாதது இருட்டாகவே போகும். அந்த எந்திரத்தின் முன்னால் உட்காரும் இடம் அவளுடையது. இப்போது அதற்குத்தான் ஆபத்து.

கிருமிகளைத் தின்னும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களில் அப்பிக் கிடக்க வேண்டிய ஓர் ஏற்பி, அவள் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தும் தெரியவில்லை. சாயத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. அதே குழாயில் கொல்லி அணுக்கள் என்ற இன்னொரு வகை அதே சாயத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து தொலைத்தன.

"நியூட்ரோஃபில் தொட்டாச் சிணுங்கும்மா. நீங்க குலுக்குற குலுக்குல ஏற்பி உதிர்ந்துடுது," என்றார் பேராசிரியர். "கை சரியில்ல. இந்த வாரமும் இப்படின்னா உங்களை ஸ்டோர் ரூமுக்கு மாத்திடுவேன். கோவிச்சுக்காதீங்க."

கை என்றதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் பிறந்த புதிதில் ஓயாமல் காய்ச்சல், தோலெல்லாம் சீழ்க்கட்டி. "கை கழுவாம புள்ளையத் தூக்குறா," என்று மாமியார் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். தேறி வளர்ந்த பையன் இப்போது கதவை உதைத்துத் திறக்கிறான். மாமியார் இன்னும் அவளிடம் சோப்பை நீட்டுகிறார்.

சோதனைக்கு ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். ஊசியைக் கண்டதும் மற்றவர்கள் மாயமாகிவிடுவதால், எப்போதும் அவள் ரத்தம்தான். தன் கையில் தானே குத்திக் குத்தி முழங்கை மடிப்பு கன்றிப் போயிருந்தது. இனிமேல் குத்த இடமில்லை என்றானபோது, ஊசியோடு நேராகப் பேராசிரியர் அறைக்குள் போனாள்.

"கையை நீட்டுங்க சார்."

"எனக்கு ஊசின்னா கொஞ்சம்..."

"எனக்கும் ஸ்டோர் ரூம்னா கொஞ்சம் அப்படித்தான் சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். அதே சாயம், அதே குலுக்கல். திரையில் அவருடைய நியூட்ரோஃபில்கள் ஒன்று விடாமல் ஒளிர்ந்தன.

பேராசிரியர் தன்னுடையதையும் அவளுடையதையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். "உங்க ரத்தத்துல அந்த ஏற்பியே இல்லம்மா. அதுக்கான மரபணு சிலருக்கு இருக்காது. கொல்லி அணுவுல இருக்கறது வேற மரபணுவோடது, அதான் அது மட்டும் தெரிஞ்சுது. நோயெல்லாம் இல்ல, பயப்படாதீங்க."

"அப்போ என் கை?"

"கைக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு," என்றார், வேறு யாரோ குறை சொன்னதைப் போல. பிறகு தயங்கினார். "உங்களுக்குக் குழந்தை இருக்கா? இந்த ஏற்பி இல்லாத அம்மாவோட உடம்பு, வயித்துல இருக்கற குழந்தையோட அணுவுல அதைப் பார்த்து அந்நியம்னு எதிர்க்கலாம். அப்படி ஆனா பிறந்து சில மாசம் குழந்தைக்குக் காய்ச்சல், சீழ்னு படுத்தும். அப்புறம் தானா சரியாயிடும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று ஒருவராவது அவள் ரத்தத்தைச் சோதித்திருக்கலாம். எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள்.

வீட்டில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மாமியார் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்போ கையில ஒண்ணும் இல்ல," என்றார்.

இத்தனை வருடமாக அவள் காத்திருந்த வார்த்தை. "ஆமா அத்தை."

"ரத்தத்துலயே இருந்திருக்கு. நானும் அப்பவே நினைச்சேன்." கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "சரி, போய்க் கை கழுவிட்டு வா. சாப்பிடலாம்."