கம்பெனிக்காரர் வந்த நாள்

அரவேணு வழியாகப் பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் என் கண் தானாக அந்தப் பக்கம் திரும்பும். அங்கேதான் அப்பாவின் மர மில் இருந்தது. தேயிலைப் பெட்டிக்குப் பலகை இழைத்துக் கொடுக்கும் மில். இழைப்பு மெஷின் சீமையில் செய்தது. வெள்ளைக்காரர் காலத்தில் மாட்டுவண்டியில் மலையேறி வந்தது. அதன் வயிற்றில் கம்பெனிப் பெயர் இரும்பிலேயே புடைத்திருக்கும். ஆயுத பூஜைக்கு அந்த எழுத்துகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. முற்றுப்புள்ளிக்குக்கூட ஒரு பொட்டு உண்டு.

நான் நாலாவது படிக்கும்போது மெஷினின் பல்சக்கரம் உடைந்தது. கோயமுத்தூரில் வார்த்து வாங்கியது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மில் நின்றுபோனது. பழைய இரும்புக்காரர் வந்து மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா அசையவில்லை. துரைமார் மாறினாலும் எஸ்டேட் கம்பெனி அப்படியே இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். மெஷின் செய்த கம்பெனியும் சீமையில் இருக்கும், கேட்டால் சக்கரம் வரும் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் குன்னூரில் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரர் அந்தக் கம்பெனி மெஷினைத் தேடுகிறார் என்று சித்தப்பா சேதி கொண்டுவந்தார். சித்தப்பா டீ ஃபாக்டரியில் கிளார்க், இங்கிலீஷ் தெரிந்தவர். கம்பெனியே ஆள் அனுப்பிவிட்டது என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்டேட்டைப் பார்வையிடப் பெரிய துரை வருகிறார் என்றால் செய்வதுபோல, மில்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா கோழிக் குழம்பு வைத்தாள்.

வந்தவர் நல்ல மனிதர். மண்டியிட்டு, என் பொட்டுகளைக் கலைக்காமல் படம் எடுத்தார். பிறகு சித்தப்பாவிடம் நெடுநேரம் பேசினார். கான்வென்ட்டில் படித்த எனக்கும் பாதிக்குமேல் புரிந்தது. அவருடைய முப்பாட்டனார் ஆற்றங்கரையில் தண்ணீர்ச் சக்கரம் வைத்து ஆரம்பித்த பட்டறைதான் அந்தக் கம்பெனி. கப்பல் கப்பலாக மெஷின் அனுப்பியிருக்கிறார்கள். இவர் பிறப்பதற்கு முன்பே மூடியாகிவிட்டது. இப்போது அங்கே வீடுகள். மிச்சமிருக்கும் மெஷின்களைத் தேடிப் பார்த்துக் கம்பெனியின் சரித்திரம் எழுதப்போகிறாராம்.

அப்பா சித்தப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருசத்துக்குள்ள சக்கரம் அனுப்பி வெக்கறாங்களாமுங்ண்ணா” என்றார் சித்தப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விருந்தாளி கிளம்பியதும் அப்பாவைத் தனியாகப் பிடித்து, கம்பெனியே இல்லை, சித்தப்பா புளுகுகிறார் என்று போட்டுக்கொடுத்தேன்.

அப்பா என் தலையைத் தடவினார். “தெரியும் அம்முணி. சித்தப்பங்கிட்டச் சொல்லிப்போடாதே.”

அதற்கப்புறம் சித்தப்பா வரும்போதெல்லாம் அப்பா, சக்கரம் வந்துவிடுமல்லவா என்று கேட்பார். வந்துவிடும் என்பார் சித்தப்பா. இரும்புக்காரர் மெஷினை ஏற்றிக்கொண்டு போன பிறகும் இருவரும் இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய மனிதர்களுக்கு இவ்வளவுதான் புத்தியா என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன்.