பூங்கா ஊஞ்சலில் கட்டிய வேப்பிலை

எங்கள் மலைக்குப் பூங்கா வந்தபோது அது எதற்கு என்று பெரியவர்கள் யாருக்கும் விளங்கவில்லையாம். சுற்றிலும் காடாக இருக்கும் ஊரில், மரம் பார்ப்பதற்குக் கம்பிவேலி போட்டு, வாசல் வைத்து, அதற்குச் சீட்டும் வாங்க வேண்டுமா என்று சிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளான எங்களுக்கு மட்டும் உடனே விளங்கியது. உள்ளே ஊஞ்சல் இருந்தது.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டியது எங்கள் ஊர். கீழே இருந்து சுற்றுலாக்காரர்கள் வருவார்கள் என்று நம்பிக் கட்டிய பூங்கா அது. தொடக்கத்தில் அங்கே ஐந்து பேருக்கு வேலை. செடிக்குத் தண்ணீர் விட இருவர், பெருக்க ஓர் அம்மா, சீட்டுக் கொடுக்க ஒருவர், காவலுக்கு என் சித்தப்பா. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது ஐந்து பேரும் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது சித்தப்பா ஒருவர்தான் மிச்சம். பன்னிரண்டாம் வாய்ப்பாடு ஏறாத என் மண்டையில் "ஒதுக்கீடு இல்லை" என்ற சொல் நன்றாக ஏறியிருந்தது. தண்ணீர் மோட்டார் எரிந்தது, ஒதுக்கீடு இல்லை. கழிப்பறைக் கதவு விழுந்தது, ஒதுக்கீடு இல்லை. சிமெண்டு ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து உடைந்து கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. கழுத்து போனபின் அதைக் கழுதை என்று பெயர் மாற்றி நாங்கள் ஏறி விளையாடினோம்.

வருஷத்துக்கு ஒருமுறை கோடை விழா நடக்கும். அப்போது மட்டும் எங்கிருந்தோ பெயிண்ட் வந்துவிடும். பெரிய மனிதர்கள் காரில் கடந்துபோகும் பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றுக்கும் நீலம் அடிப்பார்கள். ஊஞ்சல் கம்பத்துக்கும் அடித்தார்கள், துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே. ஓட்டைப் பானைக்குச் சுண்ணாம்பு பூசிய கதைதான். சித்தப்பா ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டே இருந்தார். ஊஞ்சலின் கால் இற்றுப்போயிருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். ஒருநாள் ஓர் அதிகாரி வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். சரி, நானே கழற்றிவிடட்டுமா என்று கேட்டதற்கு, அரசாங்கச் சொத்தில் கை வைத்தால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

சித்தப்பா ஊஞ்சல் சங்கிலியைச் சுருட்டிக் கம்பியால் கட்டினார். மறுநாள் அது அவிழ்ந்து கிடந்தது. முள்ளை வெட்டிப் போட்டார். முள் வேலியோரம் போய்ச் சேர்ந்தது. ஏறாதீர்கள் என்று பலகையில் எழுதி வைத்தார். பலகையை ஆடு தள்ளிவிட்டது. ஆடு தள்ளியது நிஜம். மற்ற இரண்டும் என் கைவேலை. ஊஞ்சல் பைத்தியம் அப்படிப் பிடித்திருந்தது எனக்கு. மூன்றாம் முறை கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா பின்னால் வந்து நின்றார். அடிக்கவில்லை. என் தோளைப் பிடித்துக் கம்பத்தடியில் உட்கார வைத்து, அரிவாள் முனையால் நீலப் பெயிண்டைக் குத்தினார். அப்பளம் மாதிரிப் பொரிந்து உதிர்ந்தது. உள்ளே விரல் நுழைகிற ஓட்டை.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது ஊஞ்சல் கம்பத்தின் அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. சங்கிலியில் மஞ்சள் துணி. எங்கள் பக்கம் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கோ அம்மை வார்த்திருக்கிறது என்று அர்த்தம். அந்நியர் யாரும் படியேற மாட்டார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அது தெரியும். சித்தப்பாவின் மூளை அந்த வழியில் வேலை செய்திருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மன் வந்து குந்தியிருக்குன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். நீ நம்ப மாட்ட, அவுத்துடுவ. அதான் உங்கிட்ட மட்டும் உண்மைய சொல்றேன். வாய தொறக்கக் கூடாது பாப்பா. உங்க சித்திகிட்டகூட."

சித்திக்குத் தெரிந்தால் சாமியோடு விளையாடுகிறீர்களா என்று சண்டை பிடிப்பாள் என்பது அவர் பயம். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பெரியவர் ஒருவர் என்னை நம்பி ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

ரகசியத்தை வெறுமனே காப்பாற்றியிருந்தால் போதும். எனக்குப் போதவில்லை. வகுப்பில் ஒருத்தி, அம்மனாவது ஒன்றாவது என்று உதட்டைச் சுழித்தபோது, உச்சி வெயிலில் ஊஞ்சல் தானாக ஆடியது, சலங்கைச் சத்தம் கேட்டது என்று அளந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடியும் என்பார்கள். சித்தப்பா பிடித்ததோ அம்மனாகவே முடிந்தது.

பெண்கள் வரத் தொடங்கினார்கள். யாரோ ஏரிக்கரையிலிருந்து ஓர் உருண்டைக் கல்லை எடுத்து வந்து, மஞ்சள் பூசி, ஊஞ்சல் பலகையில் வைத்தார்கள். சாமைப் பொங்கல் வைத்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் நின்றபடி பலகையை மூன்று முறை மெல்ல ஆட்டிவிட்டு வேண்டிக்கொண்டார்கள். பல மாதங்களாகப் பெருக்காமல் கிடந்த பூங்காவை அவர்களே பெருக்கினார்கள். இலை வாடினால் புதுக் கொத்து கட்டினார்கள். சித்தப்பாவுக்கு உள்ளூர உதறல்தான். ஆனாலும் அம்மன் குந்தியிருக்கிற இடத்தில் மனுஷர் குந்தக் கூடாது என்று அவர் சொல்லி வைத்ததை எல்லோரும் கேட்டார்கள். யாரும் ஏறாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்.

சித்திக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். மடி நிறையவில்லை. அவள் போகாத கோயில் கிடையாது, அம்மா அவளைச் சொல்லாத சொல்லும் கிடையாது. ஒருநாள் பின்கட்டில் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சலங்க சத்தம் நெஜமாவே கேட்டியா பாப்பா?"

"கேட்டேன் சித்தி. ரெண்டு தபா."

இரண்டு தடவை என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சித்தி இறுக்கமாகப் பின்னிவிட்டாள். அந்த வார வெள்ளிக்கிழமையே போய் ஊஞ்சலை ஆட்டிவிட்டு வந்தாள்.

சில மாதங்கள் போயின. ஆடி பிறந்தது. சித்தி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல் சின்னச் சொம்பாகச் சுமக்கத் தொடங்கியிருந்தாள். சோம்பேறித்தனம் முற்றிவிட்டது என்று அம்மா சொன்னதை நானும் நம்பினேன். ஓர் ஆடி வெள்ளியன்று சித்தப்பா நான்காவது கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே ஆபீசுக்குப் போயிருந்தார். கூட்டம் சேரச் சேர அவருக்குத் தூக்கம் போயிருந்தது. இந்த முறை கையோடு ஆளைக் கூட்டி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஜீப் ஏறினார். சித்தி தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையலைத் தட்டில் வைத்துக்கொண்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். மற்ற பெண்கள் வருவதற்கு முன் போய்விட வேண்டும் என்றாள்.

பூங்காவில் நாங்கள் இரண்டு பேர்தான். சித்தி வளையல்களைச் சங்கிலியில் கட்டினாள். கல்லுக்குக் குங்குமம் வைத்தாள். பிறகு அதைப் பலகையிலிருந்து தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்காரப் போனாள்.

"குந்தக் கூடாது சித்தி" என்றேன்.

"வேண்டிக்கிறவங்கதான் நின்னு ஆட்டணும். கெடச்சவங்க மடியில வச்சி ஆட்டலாம். அம்மன் ஒண்ணும் சொல்லாது."

எது கிடைத்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கம்பத்தின் கால் பற்றி எனக்குத் தெரியும். ஊரில் அது தெரிந்தவர்கள் சித்தப்பாவும் நானும்தான். சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையில்லை. கம்பம் இற்றது என்று சொன்னால் அம்மன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். அம்மன் வரவில்லை என்றால் சலங்கை பொய் என்று ஆகும். சித்தி என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிடுவாள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

முதல் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டாம் ஆட்டத்தில் வேப்பிலைக் கொத்துக்குள் என்னவோ முறிகிற சத்தம், பெரிதாகக்கூட இல்லை. ஊஞ்சல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சித்தி மல்லாக்க விழுந்தாள். மேலே கிடந்த குறுக்குக் குழாய் இறங்கி அவள் மடிமேல் விழுந்தது. கல்லை அவள் விடவே இல்லை. புடவையில் சிவப்பாகப் பரவியபோது குங்குமம் கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நான் கத்திக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரை வயலில் இருந்தவர்கள் வந்து குழாயைத் தூக்கினார்கள். புளி ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜீப்பை நிறுத்தி, மூட்டைகளை ரோட்டிலேயே இறக்கிப்போட்டுவிட்டுச் சித்தியைப் படுக்க வைத்தார்கள். அம்மா முன்னால் உட்கார, என்னைச் சித்தி விடாமல் பிடித்திருந்ததால் நானும் போனேன். திருப்பத்தூர் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் ஆட்கள் வந்து ஊஞ்சல், சறுக்கு மரம், கழுதை எல்லாவற்றையும் அறுத்து லாரியில் ஏற்றிப் போனார்கள். வாசலுக்குப் புதுச் சங்கிலியும் பெரிய பூட்டும் போட்டார்கள். ஊஞ்சலின் ஒரு காலை மாற்ற வராத ஒதுக்கீடு பூட்டுக்கு வந்துவிட்டது. காவலிருக்க ஒன்றுமில்லாததால் சித்தப்பாவையும் நிறுத்திவிட்டார்கள். அம்மன் கோபித்துக்கொண்டது என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சை அவர் மறுக்கவில்லை.

சித்தி விழுந்த அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குச் சித்தப்பா வந்தார். ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைப் பையில் கடிதம் அப்படியே இருந்தது. வராந்தாவில் நர்சம்மா அவரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள், சித்தியை அத்தனை பேச்சுப் பேசிய என் அம்மா. அடிபட்டதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கட்டுப் போட்டால் ஆறிவிடாதா?

பிறகு உள்ளே விட்டார்கள். சித்தி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சித்தப்பா கட்டில் ஓரத்தில் நின்றார். நான் கால்மாட்டில்.

"மூணு மாசம் முடியட்டும், அம்மன்கிட்ட சொல்லிட்டு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேங்க. அதான் வளையல் எடுத்துக்கினு போனேன்" என்றாள். பிறகு, "குடுத்துட்டு ஏன் புடுங்கிக்கிச்சி? நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லுங்க" என்றாள்.

"நீ ஒண்ணும் பண்ணல" என்று மட்டும் சொன்னார் சித்தப்பா. மேலே சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. இரண்டு முறை அப்படி வாயெடுத்துவிட்டு, அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு அது நன்றாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். செய்த சத்தியத்தை ஞாபகப்படுத்துகிறார். நான் விடுவேனா? உதட்டை இறுக மூடி, பயப்படாதீர்கள், சொல்ல மாட்டேன் என்று அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரித் தலையை ஆட்டினேன். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன்னால் சொல்ல முடியாததை நானாவது சொல்லிவிட மாட்டேனா என்றுதான் அவர் அப்படிப் பார்த்திருப்பார் என்று அந்தப் பத்து வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.