வெர்னல் சடைமேல் வைத்த சத்தியம்

வெர்னல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது 1975 மே மாதம். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது அவன் தொழில். வயது இருபத்தெட்டு, சடை இடுப்பைத் தொடும். அவனுக்கும் ஐசில்டாவுக்கும் பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. குழந்தையைத் தன் சபைக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்றாள் ஐசில்டா. அப்பனும் கூட நின்றால்தான் பாஸ்டர் குழந்தையைக் கையில் வாங்குவார்.

"அந்த வாசல்ல என் கால் படாது," என்றான் வெர்னல்.

ஐசில்டாவுக்கு இயேசு வானத்துக்குப் போனவர், மேகத்தின்மேல் திரும்பி வரப்போகிறவர். வெர்னலுக்கு அவர் ஏற்கெனவே வந்துவிட்டார். எத்தியோப்பியாவில் முடிசூடிய ராஜா ஹெய்லி செலாசிதான் அவர். அப்படி நம்புகிற ராஸ்தாக்கள் சடையை வெட்டமாட்டார்கள், சாப்பாட்டில் உப்பும் சேர்க்கமாட்டார்கள். மூன்று வருடமாக ஒரே கூரையின்கீழ் இரண்டு பானையில் சமைத்தார்கள். அவளுக்கு உப்புப் போட்டது, அவனுக்கு உப்பில்லாதது. குழந்தைக்கு மட்டும் அப்படி இரண்டு பானை வைக்க வழியில்லை.

"உன் ராஜாவும் மனுஷன்தான். ஒருநாள் சாவாரு, பாரு."

"அவரா? அவரு செத்தாருன்னா சடையை வெட்டிட்டு, பிள்ளையைத் தூக்கிட்டு உன் சபையில வந்து நிக்கிறேன். போதுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சாகாதவர்மேல் பந்தயம் கட்ட ஒரு ராஸ்தாவுக்கு என்ன பயம்?

"போதும்," என்றாள் ஐசில்டா. அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மொரன்ட் பே ஊர்க் கடைத்தெருவில் மருந்துக்கடைச் சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தான். கடைக்குள் ரேடியோ செய்தி சொன்னது. ஏணிமேல் நின்றவனுக்கு முதலில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கீழே ரொட்டி விற்கிறவன்தான் கத்தினான்.

"ஏய் சடையா! உன் சாமி செத்துட்டாராமே! இனி அந்த முடி எதுக்கு? என் மச்சான் கத்தரிக்கோலோட காத்துட்டிருக்கான்!"

வெர்னல் பிரஷை டப்பாவில் போட்டான், எடுத்தான். அடித்த இடத்திலேயே மூன்று முறை அடித்தான். பிறகு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மலையேறினான்.

மலைமேல் மூத்தவர் எனோஸ் அண்ணன் வீட்டு முற்றத்தில் ராஸ்தாக்கள் கூடியிருந்தார்கள். "பொய், தம்பி," என்றார் எனோஸ். "நம்மை அடக்கி வெச்ச வெள்ளைக்காரன்தான் பாபிலோன், அவன் ரேடியோ வேற என்ன சொல்லும்? உடம்பைக் காட்டச் சொல்லு. கல்லறை எங்க?"

வெர்னல் தலையாட்டினான். மனதாரத்தான் ஆட்டினான். ஆனாலும் அவனால் உட்கார முடியவில்லை. இறங்கினான், பாதி வழியில் திரும்பி ஏறினான், மறுபடி இறங்கினான். ராஜாமேல் அவனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் செத்தார் என்று ஊரே சொல்லும்போது, ஐசில்டாவிடம் வார்த்தை கொடுத்தது ராஜா இல்லையே, அவன்தானே.

வீட்டில் மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது.

"கேட்டியா?" என்றாள் ஐசில்டா.

"கேட்டேன். பொய். உன் ஆளையும்தான் செத்துட்டாருன்னு ஊரே சொன்னுச்சு. நீ நம்பினியா?"

"நம்பினேன்யா! ஆணி அடிச்சு, ரத்தம் சிந்தி, நிஜமாவே செத்தாரு. செத்து எழுந்தாரு, அதனாலதான் கும்பிடுறேன். உன் ஆளு சாகவே மாட்டாருங்கிற. சாகாதவரு எனக்காக என்னத்தக் குடுத்தாரு?"

வெர்னலுக்குக் கோபம் வந்தது.

"கறுப்பன் அரியணையில உட்கார்றதை எனக்குக் காட்டினாரு. உன் சபைச் சுவர்ல மாட்டியிருக்கே ஒரு படம், அதுல இருக்கிறது யாரு முகம்? என் முகமா? நம்ம பிள்ளை முகமா?"

ஐசில்டா கத்தரிக்கோலை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உன் ராஜாவைப் பத்தி நான் இனி பேசல. நீ என்கிட்ட சொன்னதைப் பத்தி மட்டும்தான் பேசுறேன்."

வெள்ளியும் சனியும் அவன் கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். ஞாயிறு காலை சடையைப் பின்னல் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு குழந்தையைத் தூக்கினான்.

"சொன்னதுல பாதியைச் செய்றேன். மீதிக்கு மனசு வரல."

ஐசில்டா முன்னால் நடந்தாள்.

சபை வாசலில் தொப்பியைக் கழற்றினான். அது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. தன் ராஜாவைக் கும்பிடும்போதும் கழற்றுகிறவன்தானே. ஆனால் சடை சரிந்து விழுந்ததும் பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின.

பாஸ்டர் கிளன்வில் குழந்தையை வாங்கி உயரத் தூக்கினார். "சபையாரே, பாருங்க! செத்த தெய்வத்தை விட்டுட்டு ஒருத்தர் ஜீவனுள்ள தெய்வத்துக்கிட்ட வந்திருக்காரு!"

அல்லேலூயா என்று கூட்டம் அதிர்ந்தது. பேசினால் குழந்தையின் ஆசீர்வாதம் கெடும். பேசாவிட்டால் ராஜா செத்ததை ஒப்புக்கொண்டதாகும். வெர்னலின் காது சுட்டது.

"நான் யாரையும் விட்டுட்டு வரல, பாஸ்டர். பிள்ளைக்காக வந்தேன்."

"அப்படியா? அப்போ உன் இரட்சகர் யாருன்னு சபை முன்னாடி சொல்லு. சொன்னாத்தான் பிள்ளைக்கு ஜெபம்."

வெர்னல் வாயைத் திறப்பதற்குள் ஐசில்டா எழுந்து வந்து குழந்தையைப் பாஸ்டர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் பிள்ளைக்கு ஆசீர்வாதம் கேட்டேன், பாஸ்டர். இவரை விசாரிக்கச் சொல்லல."

சொல்லிவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டாள். வெர்னல் தெருவில்தான் அவளைப் பிடித்தான்.

"எனக்காகவா வெளிய வந்தே?"

"உனக்காகவா! அந்த ஆளு பிள்ளையைப் பிடிச்ச பிடி எனக்குப் பிடிக்கல. அடுத்த ஞாயிறு ஆத்துக்கு அந்தப் பக்கச் சபைக்குப் போறோம். நீயும் வர்ற."

"வர்றேன்."

"சடை விஷயத்தையும் நான் விடல. எனக்குக் குடுத்த வார்த்தை அது."

"தெரியும்," என்றான் வெர்னல். குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, யாரோ துரத்துவதுபோல நடந்தான்.

"மெதுவா போய்யா," என்று பின்னாலிருந்து கத்தினாள் ஐசில்டா. "பிள்ளை தூங்குது!"