நாத்தனாருக்காக ஏறெடுத்த ஜெபம்

எங்கள் சபையில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று வாய் திறந்து விசாரிக்க வேண்டியதில்லை. திருவிருந்து ஞாயிறு அன்று கோயிலில் ஒரு பார்வை பார்த்தால் போதும். மனஸ்தாபத்தை மனசில் வைத்துக்கொண்டு அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். எல்லோரும் எழுந்து பீடத்தை நோக்கிப் போகும்போது, யார் பெஞ்சிலேயே உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ, அவர்கள் வீட்டில் புகைச்சல் என்று அர்த்தம். போன வருஷம் பல மாதங்கள் அப்படிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். விழுப்புரத்தில் நான் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில், திண்டிவனத்துச் சபையில் என் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷிதான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். எங்கள் வீட்டில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்துக்கு நான் வைத்த சாம்பாரை, பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி, "இது சாம்பாரா, புளிக்கரைசலா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் நான் விசுவாசி ஆயிற்றே, அப்படியெல்லாம் சண்டை போடுவேனா. அந்த வாரம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்டபோது எழுந்து நின்றேன்.

"திண்டிவனத்துல இருக்கிற என் நாத்தனாருக்காக ஜெபிச்சிக்குங்க. அவங்க நாவை ஆண்டவர் தொடணும்," என்றேன்.

அதோடு உட்கார்ந்தேனா, இல்லை. விவரம் தெரிந்தால்தானே பாரத்தோடு ஜெபிக்க முடியும் என்று ஒரு சகோதரி கேட்க, நானும் பாரத்தை இறக்கினேன். சாம்பாரில் ஆரம்பித்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் சொன்னேன். பிறகு நானே வாய்விட்டு ஜெபித்தேன். கண்ணீர் வேறு வந்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருந்தது. ஜெபத்தின் வல்லமை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரத்துக்குள் செய்தி திண்டிவனம் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் ஐக்கியத்தில் ஒருத்தியின் தங்கை அந்தச் சபையைச் சேர்ந்தவள். அண்ணி போன் போட்டுத் திட்டவில்லை. அவருடைய சபையில் எழுந்து நின்று, விழுப்புரத்தில் இருக்கும் தம்பி மனைவியின் பெருமையை ஆண்டவர் உடைக்க வேண்டும் என்று ஜெபிக்கச் சொல்லிவிட்டார். அதுவும் எனக்கு வந்து சேர்ந்தது. அத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. இரண்டு ஊர்ச் சபைகளும் எங்களுக்காக ஊக்கமாக ஜெபித்தன. "கொரோனாவுக்குக் கூட இவ்ளோ ஜெபம் நடக்கல," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அன்று ராத்திரி சாப்பாட்டில் ரசம் கிடையாது.

இப்படியே எத்தனை வருஷம் ஓடியிருக்குமோ. அண்ணியின் மகள்தான் குறுக்கே வந்தாள். எனக்கு இரண்டும் பையன்கள், பசித்தால் மட்டும் வாய் திறப்பார்கள். லீவு விட்டால் பையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் வந்து, அடுப்பு மேடைமேல் ஏறி உட்கார்ந்து என்னோடு ஊர்க் கதை பேசுகிறவள் அவள் ஒருத்திதான். சண்டைக்குப் பிறகு அவளும் வரவில்லை. ஒரு நாள் போன் வந்தது.

"அத்தை, எனக்கு திடப்படுத்தல் வச்சிருக்காங்க. அன்னிக்குத்தான் மொதல் தடவ திருவிருந்து எடுக்கப் போறேன். அம்மா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் முட்டி போடணும்."

"வர்றேன்டி கண்ணு."

"வந்து பெஞ்சுலயே உக்காந்துக்கினு இருந்தீங்கன்னா, அப்புறம் நான் உங்க வீட்டுப் பக்கமே வர மாட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

சும்மா மிரட்டுகிற பெண் இல்லை அவள். சமாதானம் ஆகாமலே அவள் பக்கத்தில் போய் முட்டி போட்டால் யார் தடுக்கப் போகிறார்கள். ஆனால் அப்பத்தை நீட்டுகிறபோது ஆண்டவரை எந்த முகத்தோடு பார்ப்பது. மற்ற விஷயங்களில் அவருக்குக் கொஞ்சம் டிமிக்கி கொடுத்திருக்கிறேன். இதில் பயம்.

ஆக, முந்தின நாளே கிளம்பிப் போய் அண்ணியை மன்னித்துவிடுவது என்று முடிவு செய்தேன். பஸ் முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் மன்னித்துவிட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது புளிக்கரைசல் ஞாபகம் வந்தது, மன்னித்தது போயிற்று. கூட்டேரிப்பட்டு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மன்னித்தேன். திண்டிவனத்தில் இறங்கும்போது என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அண்ணி மறுநாளைய பிரியாணிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நடந்ததெல்லாம் மறந்துட்டேன். உங்கள மன்னிச்சிட்டேன்," என்றேன்.

அவர் பூண்டைக் கீழே வைத்தார். "நீ என்ன மன்னிச்சியா? நான்ல உன்ன மன்னிச்சிட்டு, எப்ப வந்து மன்னிப்பு கேப்பன்னு உக்காந்துக்கினு இருக்கேன்?"

"நான் எதுக்குக் கேக்கணும்? ஜெபம் பண்ணது ஒரு தப்பா?"

"அப்ப நான் பண்ணது மட்டும் என்னவாம்? அதுவும் ஜெபந்தான்."

பேச்சு வளர்ந்தது. பிறகு அவர் பூண்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். கூடத்தில் அந்தப் பெண் மறுநாள் கட்ட வேண்டிய வெள்ளைப் புடவைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அன்று முழுக்க எங்கள் இரண்டு பேரிடமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு காலை கோயிலில் அண்ணி எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்திருந்தார். பாவ அறிக்கைக்கு எல்லோரும் முழங்காலிட்டோம். சின்ன வயதிலிருந்து சொல்லி வருவது, வாய்ப்பாடு மாதிரி தானாக வரும். அன்று வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, 'ஜெபம் பண்ணது ஒரு தப்பா' என்று நான் கேட்டதே எனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. ஐக்கியக் கூட்டத்தில் நான் நின்றது கண் முன்னால் வந்தது. அழுவதற்கு முன்னால் நான் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறதா என்று பார்த்தேன். ஆண்டவரிடம் பேசுகிறவள் அவர் கேட்கிறாரா என்றுதானே கவலைப்பட வேண்டும். நான் அவரை மைக்செட் மாதிரி வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை மாதம் அண்ணியை மன்னிப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனே, சே.

பேராயர் கைவைத்து ஜெபித்து முடித்தார். திடப்படுத்தல் எடுத்தவர்கள் முதலில் போய் முழங்காலிட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வீட்டார் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. அண்ணி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். பீடத்துக்குப் போகாமல் அண்ணியின் பெஞ்சுக்குப் போய்க் குனிந்தேன். கோயிலே பார்க்கிறது என்று தெரியும். பார்க்கட்டும்.

"அண்ணி, அன்னிக்கு நான் ஜெபம் பண்ணல. ஜெபம்னு சொல்லிக்கினு நாலு பேரு மத்தியில உங்கள அசிங்கப்படுத்தினேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அவர் நிமிரவில்லை. பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் மெதுவாக, "நானும் அதான் பண்ணேன். ஆனா நீதான் ஆரம்பிச்ச," என்றார்.

"ஆமா அண்ணி, நான்தான்."

"சரி வா. புள்ள திரும்பித் திரும்பிப் பாக்குது."

போய் முட்டி போட்டோம், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள், அயர்ன் போட்ட புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தாள். என் கையில் அப்பம் விழுந்தபோது எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அன்று யாரும் பார்க்கிறார்களா என்று நான் பார்க்கவில்லை. ஆண்டவர் என்மேல் கோபமாக இருந்த மாதிரியே தெரியவில்லை. நான்தான் இத்தனை மாதம் தள்ளி உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மதியம் பிரியாணி பரிமாறும்போது அண்ணி கேட்டார், "சாம்பார் கத சரி. இன்னும் என்னென்ன சொன்ன என்னப் பத்தி?"

மழுப்பியிருப்பேன். ஆனால் காலையில்தானே திருவிருந்து எடுத்திருந்தேன்.

"பிரசங்கத்துல தூங்குவீங்கன்னு சொன்னேன்."

"எங்க பாஸ்டரு பேசனா யாருதான் தூங்கல," என்று சிரித்தார். "வேற?"

"லெந்து நாள்ல உபவாசம்னு சொல்லிட்டு, கிச்சன்ல நின்னுக்கினு முட்டை போண்டா சாப்பிட்டத."

கரண்டி நின்றது. "அதையுமா சொன்ன?"

"சொன்னேன் அண்ணி."

"உங்க பாஸ்டரம்மா இருந்தாங்களா?"

"முன் வரிசையில."

அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணி குண்டானுக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தார்.

"இத இன்னிக்கு மன்னிக்க முடியாது," என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழம வா, பாக்கலாம்."

அடுத்த ஞாயிறு காலை, முதல் பஸ்ஸிலேயே போய் நின்றேன்.