இறங்கும் வழியில் இட்ட மஞ்சள்

என் மனைவி வேண்டிக்கொண்டது எனக்காக. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் நான் நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் கிடந்தபோது, பிழைத்தெழுந்தால் திருக்கழுக்குன்றத்து மலை ஏறி, படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தேன். நேர்ந்ததைச் செலுத்துமுன் அவள் காய்ச்சலில் போய்விட்டாள். அதை நானே செலுத்துவதென்று முடிவு செய்தேன். ஆண்டுத் திதி முடியும்வரை மலையேறலாகாது என்றனர் உறவினர். உண்மையைச் சொன்னால், அந்தத் தடை எனக்கு வசதியாகவே இருந்தது. மாடிப்படிக்கே மூச்சு வாங்கும் உடல் என்னுடையது. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்தும், அதிகம் ஏறாமல் பார்க்கக்கூடிய இடிபாடுகளையே விரும்பினேன்.

தடை நீங்கியபின் ஒரு முற்பகலில் செங்கல்பட்டிலிருந்து பேருந்தில் போய் இறங்கினேன். செருப்பைப் பூக்கடையில் விட்டுவிட்டு, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு முதற்படியில் குனிந்தேன். ஒரு தீற்று மஞ்சள், அதன்மேல் ஒரு பொட்டுக் குங்குமம், பிறகு நிமிர வேண்டும். நிமிர்வதுதான் கடினம். இருபது படிகளுக்குள் இடுப்பு மறுத்துவிட்டது. கல் சுடத் தொடங்கியது. ஐந்து படிக்கொருமுறை உட்கார்ந்து, ஒருவழியாகப் பாறையில் குடைந்த பழைய மண்டபத்தை அடைந்து தூணில் சாய்ந்தேன்.

உச்சிவேளையில் கழுகுக்குச் சோறு வைப்பதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நடக்க இயலாதவர்களைத் தூக்கிச் செல்லும் டோலிக்காரர் இருவர், வெறும் டோலியோடு என்னெதிரே நின்றனர்.

"இன்னா சார், எறங்குற வழில ஏறிகினு கீறீங்க?" என்றார் மூத்தவர்.

"படிக்கு மஞ்சள் வைக்கிறேன்."

"அத்த ஏர்ற படிக்கில்ல வெப்பாங்க! அது அந்தாண்ட கீது."

"வுடு அண்ணாத்த," என்றார் மற்றவர். "சாமி எறங்கி வரட்டும்னு வெக்கிறாரு போல."

இருவரும் சிரித்தனர். எனக்குக் கோபம் வரவில்லை. ஆண்டுதோறும் இங்கே வந்திருக்கிறோம். அவள் அந்தப் பக்கமாக ஏறுவாள். நான் இந்தப் பக்கமாகச் சிறிது தூரம் வந்து, இம்மண்டபத்துச் சிற்பங்களைப் பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டிருப்பேன். தரிசனம் முடித்து இறங்குகையில் அவள் என்னை அழைத்துக்கொள்வாள். ஏறும் வழி எங்கே தொடங்குகிறது என்பதைக்கூட நான் பார்த்ததில்லை.

"டோலில குந்துங்க சார்," என்றார் மூத்தவர், இம்முறை சிரிக்காமல். "ஏர்ற படி உச்சில வுட்டுடுறோம். அங்கேர்ந்து வெச்சிகினே எறங்கிடுங்க. சாமி இன்னா கேக்கவா போவுது?"

சாமி கேட்காதுதான். அவள் ஏறுவதாக அல்லவா சொல்லியிருந்தாள். வழியை மட்டும் கேட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

அன்று ஏறும் வழியில் கிண்ணம் காலியாகும்வரை வைத்தேன். கால்வாசி மலைகூட ஆகவில்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும், விட்ட இடத்தில் காய்ந்திருந்த மஞ்சளைத் தேடி அங்கிருந்து தொடர்ந்தேன். இடையில் ஒரு வாரம் முழங்கால் வீங்கி வீட்டில் கிடந்தேன். ஐந்தாம் முறை கடைசிப் படிக்குக் குங்குமம் வைத்துவிட்டு, நிமிர இயலாமல் அங்கேயே வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

சந்நிதியில் அர்ச்சனை யார் பெயருக்கு என்று குருக்கள் கேட்டார். அவள் நேர்ந்துகொண்டது என் நலத்துக்கு. ஆகவே என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சொன்னேன்.