அர்த்தமில்லாத நாற்பது சொற்கள்

எங்கள் மையத்தின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர் ஒத்தடம். பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறை இருக்குமோ என்ற பயத்தில் படியேறி வரும் பெற்றோர் பாதி உயிராகத்தான் வந்து சேர்வார்கள். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கீழே மருந்துக்கடையில் எதையோ வாங்குவதுபோல் நின்று பார்த்துவிட்டு, சட்டென்று படியில் ஏறுவார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படிவம் நிரப்பினார்.

"சார், உள்ள மழையும் பெய்யாது, லாரியும் வராது. தைரியமா கழட்டுங்க" என்றார் அக்கா. மனிதர் சிரித்துவிட்டார். அழுகிற அம்மாக்களுக்கு வேறு மருந்து. "எழுத்தைச் சேர்த்துப் படிக்க வரலைன்னா புத்தியில்லன்னு அர்த்தமில்லம்மா. நல்லா சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காங்க. முதல்ல மூக்கைச் சிந்துங்க." உள்ளறையில் பரிசோதனை செய்கிறவள் நான். நான் அரை மணி நேரம் விளக்கியும் ஏறாதது, அக்காவின் இரண்டு வாக்கியத்தில் ஏறிவிடும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அப்படிப்பட்டவரின் ஒன்பது வயது மகளுக்கே பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறாள், பரிசோதித்து அறிக்கை தரவும் என்று. அக்கா அதைக் கைப்பைக்குள் மூன்று வாரம் வைத்திருந்திருக்கிறார். வீட்டில் நாத்தனார் ஒருத்தி, வாய்க்கு வாய் தன் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்கிறவள், "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சீட்டு எழுதுற இடத்துல வேலை. சொந்தப் பொண்ணு மக்கு" என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டாள். ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம். அந்த ஒத்தடம் அக்காவின் சொந்தப் புண்ணுக்கு உதவவில்லை.

பரிசோதனைத் தாள்கள் இருக்கும் பீரோவின் சாவி அவரிடம்தான் இருந்தது. தாள்களைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு வாரம், காலையில் சமையலறை மேடையில் மகளை உட்காரவைத்து, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் தாளுமாக, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவைத்தார்.

அந்தத் தாள்களில் ஒரு பகுதி முழுக்க அர்த்தமில்லாத சொற்கள். நாற்பது சொற்கள். எந்தப் பிள்ளையும் எங்கும் கேட்டிருக்க முடியாத சொற்களாக வேண்டுமென்றே கட்டியவை. கேட்டுப் பழகிய சொல்லைக் குழந்தை ஊகித்துவிடும். இதை எழுத்தைப் பார்த்துத்தான் படித்தாக வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே ஒவ்வொன்றிலும் ஒரு கணம் தயங்குவார்கள்.

பரிசோதனை நாளில் அக்காவின் மகள் தயங்கவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் நாற்பதையும் சொல்லி முடித்தாள். கடைசி ஐந்து சொற்கள் அடுத்த பக்கத்தில் இருந்தன. நான் இன்னும் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

எனக்குப் புரிந்தது. அந்த நொடியே புரிந்தது. கதவுக்கு வெளியே அக்காவின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. எழுந்துபோய்க் கேட்க எனக்குத் துணிவில்லை. தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவரைத் திருடி என்று எந்த வாயால் கேட்பது? அதைவிட, நல்ல சேதி சொல்லி அவர் முகம் மலர்வதைப் பார்க்கும் ஆசை. 'வயதுக்கேற்ற வாசிப்புத் திறன் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா அறிக்கையை வாங்கிக்கொண்டார். முகம் மலரவெல்லாம் இல்லை. "நன்றி மேடம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

என் கையெழுத்தை நம்பிய பள்ளி, அவளை வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கான தனி வகுப்பிலிருந்து நீக்கியது. குறை இல்லை என்றால் கொழுப்புதானே? படிக்காத நாட்களில் வராந்தாவில் நிற்கவைத்தார்கள். ஐந்து மாதம் போனது. தினமும் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தாள். ஒருநாள் அக்காவிடம் கேட்டிருக்கிறாள்: "நான்தான் பாஸாயிட்டேனே, அப்புறம் ஏம்மா எனக்குப் படிக்க வரல?"

அன்றைக்கு மாடிப்படியில் என்னை நிறுத்தி அக்கா எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, "உங்களுக்கு அப்பவே தெரியும்தானே மேடம்?" என்றார். நான் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தடவை டெஸ்ட் வச்சிடுங்க. எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல."

"இங்க முடியாதுக்கா. தாள் பூரா அவளுக்கு மனப்பாடம். வேற மையத்துலதான் வைக்கணும். நம்ம அறிக்கை ஏன் செல்லாதுன்னு டைரக்டர் சார் எழுதிக் கொடுத்தாதான் அவங்க எடுத்துப்பாங்க."

"அப்ப சார்கிட்டயே போயிடுறேன்" என்றார். என்னையும் வரச் சொல்லிக் கேட்கவில்லை.

மறுநாள் இயக்குநர் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். அக்கா நின்றுகொண்டிருந்தார். மேசையில் பீரோச் சாவி இருந்தது. இயக்குநர் கத்தவில்லை. தாளைப் புரட்டியபடி கேட்டார்: "டெஸ்ட் வைக்கும்போது உங்களுக்கு எதுவும் வித்தியாசமா படலையா?"

"இல்ல சார்" என்றேன்.

நாக்கு தானாகச் சொன்னதென்று எழுதினால் அது இன்னொரு பொய். வேலை, பெயர், இருபது வருட அனுபவம் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரிடம், "அவங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல சார். நான் அவ்வளவு நல்லா பழக்கிவிட்டிருந்தேன்" என்றார். பதினோரு வருடம் வந்தவர் போனவருக்கெல்லாம் ஒத்தடம் கொடுத்த அதே குரல். நான் அந்த அறையிலேயே கூனிக்குறுகிப் போனேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

அக்கா அன்றே வேலையை விட்டுப் போனார். இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். மகளுக்கு வேறு மையத்தில் பரிசோதனை நடந்து, தனிப் பயிற்சியும் தேர்வில் கூடுதல் நேரமும் கிடைத்திருக்கின்றன. தடுமாறித் தடுமாறி, ஆனால் தானே எழுத்தைப் பார்த்துப் படிக்கிறாளாம். அந்த அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது. அதில் ஒரு வரி: 'முதல் பரிசோதனையிலேயே ஐயம் எழுந்திருக்க வேண்டும்.' எழுதியவர் என் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். அந்த நகலைக் கோப்பில் வைத்தவள் நான்தான்.

மையத்தின் ஆண்டு மலருக்கு, இங்கே உழைத்துவிட்டுப் போன யாராவது ஒருவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார் இயக்குநர். அக்காவைப் பற்றி இதை எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் அவர்தான் முதலில் படிப்பார்.

சார், எனக்குத் தெரியும். பக்கத்தைத் திருப்பும் முன்பே தெரியும்.